எலும்பில் ஒரு கட்டி, விசுவாசத்தின்மேல் ஒரு பழி



உங்கள் மகனின் முழங்காலருகே, எலும்போடு ஒட்டி அசையாமல் நிற்கும் கடினமான கட்டியொன்று கைக்குத் தட்டுப்பட்டால் என்ன செய்வீர்கள்? எண்ணெய் பூசி ஜெபிப்பது வேதம் காட்டும் வழி. அதை நான் விலக்கவில்லை. "ஜெபித்தாயிற்று, இனி மருத்துவரிடம் போவது அவிசுவாசம்" என்ற போதனையையே எதிர்க்கிறேன்.

இப்படிப் போதிப்போர் ஆசா ராஜாவைச் சான்றாகக் காட்டுவர். இரண்டாம் நாளாகமம் 16-ஆம் அதிகாரத்தை நிதானமாய் வாசியுங்கள். வைத்தியரை நாடியதன்று, கர்த்தரைத் தேடாமல் விட்டதே அவன் குற்றம். எசேக்கியாவுக்கோ கர்த்தர் 15 ஆண்டுகள் கூட்டிக்கொடுப்பதாக வாக்களித்தார். ஆயினும் ஏசாயா தீர்க்கதரிசி பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னார். வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே வாயினின்று வந்தன. ஏசாயாவை அவிசுவாசி என்பீர்களோ? பவுலின் உடன் ஊழியராகிய லூக்கா வைத்தியர் அல்லவா? 1900-இல் வேலூரில் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி விசுவாசக் குறைவிலா பிறந்தது?

எலும்புக் கட்டிகள் யாவும் புற்றுநோயல்ல. வளரும் பருவத்தில் மூட்டுகளருகே தோன்றும் ஆஸ்டியோகாண்ட்ரோமா என்னும் எலும்புப் புடைப்பு பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் அதே பருவத்தில், அதே முழங்காலைச் சுற்றியே ஆஸ்டியோசர்கோமா என்னும் புற்றுநோயும் மிகுதியாய்த் தோன்றுகிறது. கையால் தடவிப் பார்த்து இவற்றை உறுதியாய்ப் பிரித்தறிய எவராலும் இயலாது. முதலில் எக்ஸ்ரே வேண்டும். ஐயம் எழுந்தால் எம்.ஆர்.ஐ., பின்பு பயாப்சி. பயாப்சியை, அறுவை சிகிச்சையும் செய்யவல்ல மருத்துவமனையிலேயே எடுங்கள். விளையாட்டில் பட்ட அடியென்று எண்ணி, எண்ணெய் போட்டு உருவிவிடச் செய்யாதீர்கள். கட்டி வளர்ந்தாலோ, வலி இரவில் உறக்கத்தைக் கெடுத்தாலோ ஒரு வாரமும் தாமதிக்காதீர்கள். வலி இல்லை என்பதும் காத்திருக்கக் காரணமாகாது.

1970-களுக்கு முன்பு, காலையே வெட்டியெடுத்தும், ஆஸ்டியோசர்கோமா கண்டவர்களில் ஐவரில் ஒருவர் பிழைப்பதே அரிதாயிருந்தது. நோய் நுரையீரலுக்குப் பரவிவிடும். இன்றோ பரவுமுன் கண்டறிந்து, கீமோதெரபியும் அறுவையும் பெற்றவர்களில் பத்தில் ஆறு பேருக்குமேல் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். பலருக்குக் காலும் காக்கப்படுகிறது. தாமதம் பறிப்பது இந்த வாய்ப்பையே.

மருத்துவரைத் தடுத்தவர்கள், பிள்ளை மரித்தபின் வந்து, "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்று பெற்றோர்மேல் பழி சுமத்துகிறார்கள். தாங்கள் விரல் நுனியாலும் தொடாத சுமையைப் பிறர் தோளில் வைப்பவர்களைக் குறித்து நம் ஆண்டவர் கடிந்து பேசியிருக்கிறார். அவர்களுக்குச் செவிகொடாதீர்கள்.

ஜெபித்துப் புறப்படுங்கள், மருத்துவமனை வாசலிலும் ஜெபியுங்கள். ஆனால் புறப்படுங்கள். கர்த்தர் உங்கள் பிள்ளைகளைக் காப்பாராக. ஆமென்.