புத்தாக்க நிதி சிறுகடை வரை எட்டுகிறதா?

எண் 2, புக்கிட் மேரா சென்ட்ரல். சிங்கப்பூர்த் தொழில்துறையினருக்கு ஒரு காலத்தில் நன்கு அறிமுகமான முகவரி இது. 1982ல் தொடங்கிய உற்பத்தித்திறன் இயக்கத்தை வழிநடத்திய தேசிய உற்பத்தித்திறன் வாரியம் பின்னர் அங்கிருந்து இயங்கியது. ‘டீமி’ என்ற தேனீச் சின்னம் அக்காலத்துப் பள்ளிப்பிள்ளைகளுக்கும் நினைவிருக்கும். அந்த வாரியத்தின் வழித்தோன்றலான ‘ஸ்பிரிங் சிங்கப்பூர்’ அமைப்பும் பல ஆண்டுகள் அதே கட்டடத்தில் இருந்தது. 2018 ஏப்ரலில் அது ‘எண்டர்பிரைஸ் சிங்கப்பூர்’ அமைப்பில் இணைந்தது.

ஸ்பிரிங் அமைப்பு 2009ல் புத்தாக்கப் பற்றுச்சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு சீட்டின் மதிப்பு 5,000 வெள்ளி. சிறிய, நடுத்தர நிறுவனங்கள் அதைக்கொண்டு பல்கலைக்கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி போன்றவற்றின் நிபுணர்களை நாடலாம். 2012ல் நிதி நிர்வாகம், மனிதவளம் ஆகியவற்றுக்கும் அத்திட்டம் விரிந்தது. பின்னர் கருவிகள் வாங்கவும் சீட்டு பயன்பட்டது. 2018ல் அதன் இடத்தை உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியம் பிடித்தது. முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட மென்பொருள், சாதனம் வாங்கவே அந்த மானியம் பெரும்பாலும் உதவுகிறது. ஆய்வாளரிடம் அழைத்துச் சென்ற சீட்டு, சாதனம் வாங்க உதவும் மானியமாக மாறிவிட்டது.

மறுபக்கம், பெரிய நிறுவனங்களுக்கான பாதை அகலமானது. 2013ல் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தேசிய ஆய்வு அறநிறுவனத்தின் ஆதரவுடன் கூட்டு ஆய்வகம் அமைத்தன. 2018ல் எச்பி நிறுவனம் அதே பல்கலைக்கழகத்துடன் 84 மில்லியன் வெள்ளியில் ஆய்வகம் தொடங்கியது. 2021 முதல் 2025 வரையிலான தேசிய ஆய்வுத் திட்டத்துக்கு அரசாங்கம் 25 பில்லியன் வெள்ளி ஒதுக்கியது. அடுத்த ஐந்தாண்டுகளுக்கு 37 பில்லியன் வெள்ளி அறிவிக்கப்பட்டுள்ளது. இதில் தவறில்லை. விமான இயந்திர ஆய்வுக்குப் பெரும்பணம் தேவை. நல்ல வேலைகளும் அதனால் வருகின்றன.

சிறுகடைக்கு என்ன கிடைக்கிறது? 2023 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட நிறுவனப் புத்தாக்கத் திட்டம் இதற்கு ஓரளவு பதில் தருகிறது. பலதுறைத் தொழிற்கல்லூரி, தொழில்நுட்பக் கல்விக் கழகம் ஆகியவற்றுடனோ தகுதிபெற்ற மற்றப் பங்காளிகளுடனோ சேர்ந்து செய்யும் திட்டத்துக்கு ஆண்டுக்கு 50,000 வெள்ளி வரையிலான செலவில் 400 விழுக்காட்டு வரிக்கழிவு உண்டு. 2028 மதிப்பீட்டு ஆண்டுவரை இது நடப்பில் இருக்கும். வரிக்கழிவுக்குப் பதிலாக, தகுதிபெறும் செலவில் 20 விழுக்காட்டை ரொக்கமாகவும் பெறலாம். உச்சவரம்பு 20,000 வெள்ளி.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலவரம் புரியும். மசாலைத் தூள் நீண்டநாள் கெடாமலிருக்க வழிதேட ஒரு நிறுவனம் 10,000 வெள்ளி செலவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முழு 17 விழுக்காட்டு வரி கட்டும் நிறுவனத்துக்கு 6,800 வெள்ளி வரி மிச்சம். இலாபம் குறைவாக இருந்து ரொக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் 2,000 வெள்ளிதான். அந்த ரொக்கத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு: மாதம் குறைந்தது 1,400 வெள்ளி சம்பளம் பெறும் உள்ளூர் முழுநேர ஊழியர்கள் மூவராவது இருக்க வேண்டும். கணவனும் மனைவியும் முதலாளிகளாக நின்று, இரண்டு வெளிநாட்டு ஊழியர்களை வைத்து நடத்தும் கடை அந்தக் கணக்கில் வராது. எந்த வழியானாலும் பணத்தை முதலில் கடைக்காரர்தான் எடுத்துவைக்க வேண்டும்.

மோசடியைத் தடுக்க நிபந்தனைகள் தேவைதான். ஆனால், வாடகை, ஆள்பற்றாக்குறை இரண்டுக்கும் நடுவே திணறும் தொழிலுக்கே புதுவழி அதிகம் தேவைப்படுகிறது. உதவியோ இலாபம் ஈட்டும் நிறுவனத்துக்கே கூடுதலாகப் போகிறது.

இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு. டோவரில் உள்ள சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியின் உணவுப் புத்தாக்க மையம் புதிய உணவுப்பொருள் தயாரிப்பு, பொட்டலமிடுதல், கெடாமல் வைத்திருக்கும் காலம் ஆகியவற்றில் சிறு நிறுவனங்களுக்கு உதவுகிறது. சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக தொழிற்சபையின் சிறிய, நடுத்தர நிறுவன மையத்தில் இலவச ஆலோசனை கிடைக்கிறது. ஒரே சிக்கலுள்ள ஐந்தாறு கடைகள் சேர்ந்து ஆய்வு செய்தால் தலைக்கு ஆகும் செலவு குறையும்.

அரசாங்கம் செய்யக்கூடியதும் உண்டு. 5,000 வெள்ளிப் பற்றுச்சீட்டு போன்ற ஒன்றை, ஆய்வுக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டுடன் மீண்டும் கொண்டுவரலாம். பத்தாயிரம் கடைகளுக்குக் கொடுத்தாலும் செலவு 50 மில்லியன் வெள்ளி. எச்பி ஆய்வகத்துக்கு ஆன தொகையைவிட அது குறைவு.