பி-சைடுன்னா ரெண்டாம் தரமா?

அயர்ன் மெய்டன்னு சொன்னா நம்ம ஹாஸ்டல்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு அஞ்சோ ஆறோ தான். ஏதோ ஒரு 'பெஸ்ட் ஆஃப்' பிளேலிஸ்ட்ல வந்த அதே பாட்டுகள். டி-ஷர்ட் மட்டும் பத்து பேர்கிட்ட இருக்கு! அவங்க எல்லாரும் ஒரு தடவையாவது கேட்கணும்னு நான் சொல்றது 'பெஸ்ட் ஆஃப் த பி-சைட்ஸ்'. 2002ல 'எட்டீஸ் ஆர்க்கைவ்' பெட்டியில வந்த இரட்டை சிடி. 30 பாட்டுக்கு மேல இருக்கு.

பி-சைடுன்னா வேற ஒண்ணுமில்ல. அப்போ சிங்கிள் இசைத்தட்டா வரும். ஒரு பக்கம் விற்க வேண்டிய பாட்டு, மறுபக்கம் சும்மா விட முடியாதேன்னு இன்னொண்ணு. அதனால அது கழிச்சுப் போட்ட சரக்குன்னு ஒரு நினைப்பு இருக்கு. அதைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன்.

1982ல 'ரன் டு த ஹில்ஸ்' சிங்கிள் ஆல்பத்துக்கு முன்னாடியே வரணும். மறுபக்கத்துக்கு 'கேங்லேண்ட்', 'டோட்டல் எக்லிப்ஸ்' ரெண்டுல ஒண்ணு. அவசரத்துல 'டோட்டல் எக்லிப்ஸ்' மறுபக்கம் போச்சு, 'கேங்லேண்ட்' ஆல்பத்துல உட்கார்ந்துச்சு. தப்பா தேர்ந்தெடுத்துட்டோம்னு ஸ்டீவ் ஹாரிஸே பின்னாடி சொல்லியிருக்கார். 40 வருஷம் கழிச்சு, 2022ல வந்த வினைல் பதிப்புல 'கேங்லேண்ட்'டை எடுத்துட்டு அந்த இடத்துல 'டோட்டல் எக்லிப்ஸ்'ஸைப் போட்டாங்க. ஒரு பாட்டு 'ஷார்ட்லிஸ்ட்' ஆகாததுக்கும் அதோட தரத்துக்கும் எவ்வளவு சம்பந்தம்னு, பிளேஸ்மென்ட் சீசன்ல இருக்கிற நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல.

இந்த சிடியில எனக்குப் பிடிச்ச பகுதி 1986 பாட்டுகள். அதுக்கு முந்தின வருஷக் கடைசியில பேண்ட் ஓய்வுல இருந்தப்போ, டிரம்மர் நிக்கோ மெக்பிரெயினும் கிட்டாரிஸ்ட் ஏட்ரியன் ஸ்மித்தும் நண்பர்களைச் சேர்த்துக்கிட்டு லண்டன் மார்க்கீ கிளப்ல வாசிச்சாங்க. அந்தக் குழு பேரு 'ஹாக்னியின் மொத்த ஜனத்தொகை'. (நம்ம கல்ச்சுரல்ஸ்ல கூட இப்படி ஒரு பேரை விட மாட்டாங்க.) அங்கே வாசிச்ச 'ரீச் அவுட்' பிறகு பி-சைடா வந்துச்சு. பாடுறது ஸ்மித். புரூஸ் டிக்கின்சன் மாதிரி ஒரு பாடகர் பின்பாட்டுக்கு நிக்கிறார்! மெயின் ஆல்பத்துல இது நடக்கவே நடக்காது. யாரும் மார்க் போடாத இடத்துல ஒரு பேண்ட் எப்படி வாசிக்கும்னு இங்கதான் தெரியுது. ஜெத்ரோ டல், லெட் செப்பலின்னு தாங்க கேட்டு வளர்ந்தவங்க பாட்டையும் ஆசையா வாசிக்கிறாங்க. சொந்த மேனேஜரைக் கிண்டல் பண்ணியே ஒரு பாட்டு இருக்கு.

பிளேஸ் பெய்லி பாடின காலத்துப் பாட்டுகளும் உண்டு. அவரை மட்டமா பேசுறவங்க 'ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்' கேட்டுட்டுப் பேசட்டும்.

குறையும் இருக்கு. இந்தப் பாட்டுகளை எட்டி முகம் போட்ட தகரப் பெட்டியில, குட்டி கிளாஸ், பேண்ட் வம்சாவளிச் சுருள் எல்லாத்தோடவும் சேர்த்துக் கட்டினது எனக்குப் பிடிக்கல. பாட்டு வேணும்னு வர்றவன் தலையில கிளாஸை ஏன் கட்டணும்? அரிய பாட்டு அரிதாவே இருந்தா சேகரிக்கிறவங்களுக்குப் பெருமை, கேட்கிறவனுக்கு என்ன லாபம்?

கேட்கப் போறவங்க 'ரீச் அவுட்'ல தொடங்குங்க. 'நாடிங் டாங்கி ப்ளூஸ்' வந்தா தாண்டிப் போயிடுங்க, ஒண்ணும் குறைஞ்சிடாது.