வம்பு செய்யும் வாங்குநரும் வழி தவறக் கூடாத வணிகரும்



தொழுகைப் பாயில் நிற்கும்போது நாம் எல்லோரும் நல்லவர்களாகவே தோன்றுகிறோம். நம் ஈமானின் எடை எவ்வளவு என்பது, விற்ற பொருளுக்கு விலை வராமல் நிற்கும்போதும், வாங்கியவர் வாய்க்கு வந்தபடி ஏசும்போதும்தான் தெரிய வருகிறது.

சென்ற மாதம் ஜும்ஆத் தொழுகைக்குப் பின் இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய பாட்டனார் வாழ்நாள் முழுவதும் தபால்தலை சேகரித்தவர். அவர் வஃபாத்தானபோது கொஞ்சம் கடனும் சில ஆல்பங்களுமே மிஞ்சின. மையித்தின் சொத்தைப் பங்கிடும் முன் கடனை அடைக்க வேண்டும் என்பது ஷரீஅத்தின் கட்டளை. ஆகவே வாரிசுகள் அனைவரின் சம்மதத்தோடு, பேரன் அத்தபால்தலைகளை இணையவழி ஏலத்தில் விற்கத் தொடங்கினார்.

அவற்றுள் விலை மிகுந்தது, 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான காந்தியடிகளின் 10 ரூபாய்த் தபால்தலை. ஸ்விட்சர்லாந்தில் அச்சிடப்பட்டது, ஹிந்தியிலும் உருதுவிலும் ‘பாபூ’ என்ற சொல்லைத் தாங்கியது. போலிகள் நிறைய உலவுவதால், சேகரிப்போர் இதை மிகுந்த எச்சரிக்கையுடனேயே வாங்குவர். இளைஞரிடம் இருந்ததோ, பின்புறப் பசையும் கெடாத அசல்.

ஏலத்தில் அதை எடுத்தவர் வெளிநாட்டவர். பொருள் கிடைத்து மூன்று வாரம் சென்றபின், ‘பசை பிற்காலத்தில் பூசப்பட்டது, நீ மோசடிக்காரன், பாதிப் பணத்தைத் திருப்பித் தராவிட்டால் உன் பெயரைக் கெடுப்பேன்’ என்று எழுதினார். இளைஞர் மறுத்தார். ஏல நிறுவனம் பொருளைத் திருப்பி அனுப்பச் சொன்னது. வந்த உறையைப் பிரித்தால் உள்ளே இருந்தது வேறொரு தபால்தலை, அதுவும் போலி! அதற்குள் பணம் வாங்கியவருக்கே திரும்பிவிட்டது.

“ஹஜ்ரத், நான் ஏமாற்றப்பட்டவன். வந்த போலியை வந்த வழியே ஏலத்தில் விட்டுவிடு என்கிறார்கள் நண்பர்கள். மற்றவற்றை விற்கும்போது இன்னொரு பெயரில் நானே ஏலம் கேட்டு விலையை ஏற்றி, நஷ்டத்தை ஈடு செய்யவும் சொல்கிறார்கள். பாட்டனாரின் கடனுக்காகத்தானே, இது கூடாதா?” என்று கேட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

நான் அவருக்குச் சொன்னதையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

ஏலம் நம் மார்க்கத்திற்குப் புதியதன்று. யாசகம் கேட்டு வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று விசாரித்து, ஒரு விரிப்பையும் ஒரு கோப்பையையும் கொண்டுவரச் செய்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். ஒருவர் ஒரு திர்ஹம் கேட்டார். அதற்கு மேல் கொடுப்பவர் உண்டா என்று பெருமானார் வினவ, மற்றொருவர் இரண்டு திர்ஹத்துக்கு வாங்கிச் சென்றார். ஒரு திர்ஹத்தில் வீட்டுக்கு உணவும், மற்றதில் ஒரு கோடரியும் வாங்கச் சொல்லி, அவரை விறகு வெட்டி விற்கும் உழைப்பாளியாக்கினார்கள். அபூதாவூத் போன்ற ஹதீஸ் நூல்களில் காணப்படும் செய்தி இது.

ஆனால் வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றுவதற்காக மட்டும் ஏலம் கேட்பதை ‘நஜ்ஷ்’ என்று பெயரிட்டு நாயகம் (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். வேறு பெயரில் தன் பொருளைத் தானே கேட்பது இதுவேயன்றி வேறில்லை. கடனை அடைக்கும் நல்ல நோக்கம் இந்தத் தீய வழியைத் தூய்மையாக்கிவிடாது.

அடுத்து, வாங்குநரின் வம்பை ஆராயும் முன் விற்பவர் தம்மைத் தாமே ஆராய வேண்டும். கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றில் கையை நுழைத்த பெருமானார், உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கடிந்துகொண்டார்கள். இன்றைய ஏலத்திலோ வாங்குநர் கையை நுழைக்கவும் இயலாது. அவர் காண்பது படத்தையே. ஆதலால் விற்பவரின் பொறுப்பு இரு மடங்காகிறது. துளைப்பல் ஒன்று முறிந்திருந்தாலும், பின்புறத்தில் பழைய ஒட்டுத்தாளின் தடம் இருந்தாலும், காகிதம் ஓரிடத்தில் மெலிந்திருந்தாலும், பசை மறுபூச்சு என்ற ஐயம் இருந்தாலும் அதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.

ஈபே என்னும் ஏலத்தளத்தை 1995இல் அமெரிக்காவில் தொடங்கியவர் பியர் ஒமிட்யார். அங்கே முதலில் விற்ற பொருள் ஓர் உடைந்த லேசர் விளக்கு. விலை 14 டாலர் 83 சென்ட். இது உடைந்தது என்று உமக்குத் தெரியுமா என அவர் வாங்கியவரிடமே கேட்டாராம். உடைந்தவற்றைத்தான் நான் சேகரிக்கிறேன் என்று பதில் வந்ததாம். குறையைச் சொன்னால் பொருள் விலை போகாது என்று அஞ்சுவோர் இதைச் சிந்திக்கட்டும்.

‘திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்று எழுதிவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது என எண்ணுவோரும் உளர். அத்தகைய நிபந்தனை எந்த அளவுக்குச் செல்லும் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தெரிந்த குறையை மறைத்துவிட்டு அந்த நிபந்தனைக்குள் ஒளிந்துகொள்வது நேர்மையன்று. காணாமல் வாங்கிய பொருளைக் கண்டபின் ஏற்கவோ மறுக்கவோ வாங்குபவருக்கு உரிமை உண்டு என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். மதரஸாவில் ஓதிய நாளில், ஒட்டகத்தையும் பேரீச்சையையும் வைத்துச் சொல்லப்பட்ட இந்தப் பாடம் நமக்கு எதற்கு என்று நான் எண்ணியதுண்டு. இன்று கைப்பேசியில் காணாத பொருளை வாங்கும் உலகமே அந்தப் பாடத்துக்குள் வந்து நிற்கிறது!

இனி, தொல்லை தரும் வாங்குநர்கள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். நோய் அறியாமல் மருந்து கொடுக்கலாகாது.

ஏலத்தில் வென்றுவிட்டுப் பணம் செலுத்தாதவர் ஒரு வகை. ஈபேயின் விதிப்படி நான்கு நாட்கள் கடந்தால் விற்பவர் அவ்விற்பனையை ரத்துச் செய்யலாம். சட்டம் தரும் உரிமை அது. ஆனால் அவர் தம் நெருக்கடியைச் சொல்லித் தவணை கேட்டால், கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லும் திருமறையின் போதனையை நினைவில் கொள்ளுங்கள். பதிலே இல்லையாயின் ஏசாமல் ரத்துச் செய்து, மறுபடி ஏலத்தில் வையுங்கள்.

வாங்கியபின் மனம் மாறுபவர் இன்னொரு வகை. இவர் பொய்யர் அல்லர், அவசரக்காரர். வருந்தி வருபவரின் வியாபாரத்தை மனமுவந்து முறித்துக் கொடுப்பதற்கு ‘இகாலா’ என்று பெயர். அப்படிச் செய்பவரின் சறுக்கல்களை அல்லாஹ் மன்னிப்பான் என்பது நாயகத்தின் நற்செய்தி. ஒரு தபால்தலை திரும்பி வருவதால் நமக்கு என்ன குறைந்துவிடும்? மன்னிப்பு அல்லவா கூட வருகிறது!

மூன்றாமவர் கடுமையாகப் பேசுபவர். ஆனால் அவர் பக்கம் நியாயம் இருக்கும். நாயகம் (ஸல்) அவர்களிடம் தமக்குரிய ஒட்டகத்தைக் கேட்டு வந்த ஒருவர் கடுஞ்சொல் பேசினார். தோழர்கள் கொதித்தெழுந்தனர். உரிமை உள்ளவருக்குப் பேசவும் உரிமை உண்டு என்ற கருத்தைச் சொல்லி அவர்களைத் தடுத்த பெருமானார், அவருடையதைவிடச் சிறந்த ஒட்டகத்தையே கொடுக்கச் செய்தார்கள். படத்தில் காட்டாத கறை பொருளில் இருந்தால், வாங்கியவரின் வசையைப் பொறுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுப்பதே நமக்கு அழகு. வசைக்கு வசை எழுதி அனுப்புவது நியாயத்தை எதிரியின் கையில் கொடுப்பதாகும்.

நான்காமவரே உண்மையான சோதனை. பெயரைக் கெடுப்பேன் என்று மிரட்டிப் பணம் பறிப்பவர். அசலை எடுத்துக்கொண்டு போலியைத் திருப்பி அனுப்புபவர். 2008ஆம் ஆண்டு முதல் ஈபேயில் விற்பவர் வாங்குநரைக் குறைகூறி மதிப்புரை எழுத முடியாது. வாங்குநரோ விற்பவரைப் பற்றி எழுதலாம். பொருள் வருணனைப்படி இல்லை என்று முறையிட, பொருள் கையில் சேர்ந்த நாளிலிருந்து 30 நாட்கள் அவருக்கு உண்டு. மோசடி விற்பனையாளரிடமிருந்து எளியோரைக் காக்க வந்த இவ்விதிகளைச் சிலர் ஆயுதமாக்கிக்கொள்கின்றனர்.

இத்தகையோருக்குப் பணிந்து பாதிப் பணம் கொடுப்பது பொறுமையன்று. அது அநீதிக்குத் தீனி போடுவதாகும். நாளை அவர் இன்னொரு எளியவரிடம் செல்வார். வாதிடுபவர்மீதே ஆதாரம் கடமை என்பது நம் நீதித்துறையின் அடிப்படை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் வியாபாரத்துக்குச் சாட்சி வைப்பதையும் பற்றியதே. அதைக் கடைப்பிடியுங்கள். ஒவ்வொரு தபால்தலையின் துளைப்பற்களும் ஓர வெண்மையும் சற்றே வேறுபட்டிருக்கும். முன்னும் பின்னும் தெளிவாகப் பெரிதாக்கிப் படமெடுத்து வைத்தால், திரும்பி வந்தது உமதா அன்றா என்று அதுவே சொல்லிவிடும். உறையிடுவதையும் பிரிப்பதையும் இடைவெட்டு இல்லாமல் ஒளிப்பதிவு செய்யுங்கள். கையொப்பம் பெற்று ஒப்படைக்கும் தபாலிலேயே அனுப்புங்கள். பேச்சுவார்த்தை யாவும் ஏலத்தளத்தின் வழியே எழுத்தில் நடக்கட்டும். இவையே இக்காலத்தின் சாட்சிகள். அந்த இளைஞரிடம் முன்புறப் படம் ஒன்றே இருந்தது; அதுவும் தெளிவற்றது.

வாங்கும் இடத்தில் இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு சொல். தாம் பெறும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்போரைத் திருமறையின் 83ஆம் அத்தியாயம் கண்டிக்கிறது. தராசு விற்பவர் கையில் மட்டும் இல்லை. முழுப் பொருளையும் பெற்றுக்கொண்டு, இல்லாத குறையைச் சொல்லி விலையைக் குறைப்பவரும் அளவில் மோசம் செய்பவரே.

இனி இளைஞரின் கேள்விக்கு வருவோம். வந்த போலியை விற்கலாமா?

கூடவே கூடாது. மோசம் செய்தவனுக்கே மோசம் செய்யாதே என்று போதித்தது நம் மார்க்கம். இவரோ தம்மை ஏமாற்றியவனுக்கு அன்று, ஒரு பாவமும் அறியாத மூன்றாமவருக்கு அல்லவா அதைச் செய்யப் போகிறார்! அவரும் யாரோ ஒரு பாட்டனாராக இருக்கலாம். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து வாங்குபவராக இருக்கலாம்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வணிகர். குறையுள்ள துணியை அக்குறையைச் சொல்லாமல் அவர்களுடைய கூட்டாளி விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னார் என்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அதில் வந்த பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாறு கூறுகிறது. தெரியாமல் நேர்ந்ததற்கே அந்தப் பேணுதல் என்றால், தெரிந்தே செய்வதற்கு என்ன சொல்ல?

மறுமையில் வெறுங்கையராய் நிற்பவர் யார் என்பதைப் பெருமானார் விளக்கியிருக்கிறார்கள். தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் கொண்டு வருவார். ஆனால் பிறரை ஏசியிருப்பார், பிறர் பொருளை உண்டிருப்பார். அவருடைய நன்மைகள் யாவும் பாதிக்கப்பட்டோருக்கு எடுத்துக் கொடுக்கப்படும். அந்த அடிப்படையில் நான் இளைஞரிடம் சொன்னேன்: “தம்பி, இன்று நீங்கள் கொடுத்தவர், மறுமையில் வாங்க வேண்டியவர். அந்தப் போலியை ஒருவர் தலையில் கட்டிய மறுகணம் நீங்களும் கடனாளி ஆகிவிடுவீர்கள். பாட்டனாரின் கடனை அடைக்கப் போய், உங்கள் பெயரில் புதுக் கடன் எழுதலாமா?”

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, முறையீடு முடியும்வரை அப்போலியைச் சான்றாக வைத்திருந்து, பின் கிழித்தெறிந்துவிடுவதாகச் சொன்னார். சட்டப்படியான வழிகள் அனைத்திலும் இறுதிவரை உரிமையைக் கேளுங்கள், அது பொறுமைக்கு மாறானதன்று என்றேன். கடன் கொடுத்தவர்களிடம் நேரில் சென்று தவணை கேட்கவும், மீதித் தபால்தலைகளைக் குறைகளுடன் எழுதி விற்கவும் சொல்லி அனுப்பினேன்.

விற்கும்போதும், வாங்கும்போதும், உரிமையைக் கேட்கும்போதும் பெருந்தன்மையுடன் நடப்பவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள். அந்தத் துஆவின் நிழலில் நம் அனைவரையும் வல்ல ரஹ்மான் சேர்த்து வைப்பானாக! நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், சோதனையில் உறுதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.