பாயை மறவாதிருப்போம்

1990இல் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்த நாம், ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் விட்டுவந்தவற்றுள் பனையோலைப் பாயும் ஒன்று. இன்று நம்மில் பலரது வீட்டில் பிளாஸ்ரிக் பாயே விரிக்கப்படுகிறது. அது கிழிந்தால் குப்பை. எரித்தால் நச்சுப் புகை. ஓலைப்பாய் கிழிந்தால் ஓலை வைத்துப் பொத்தலாம். இற்றுப்போனால் தோட்டத்துக்குப் பசளையாகும். ஈரம் படவிடாது, இடைக்கிடை வெயிலில் உலர்த்தி, சுருட்டி உயரத்தில் வைத்தால் பூஞ்சணம் பிடியாது.

போர்க்காலத்தில் காவலரண்களுக்கெனத் தறிக்கப்பட்ட பனைகள் ஏராளம். ஆயினும் விதை நட்டால் பனை மீண்டும் வளரும். சார்வோலை வார்ந்து பாய் இழைக்கும் கைப்பழக்கமோ, முதியோரோடு போய்விட்டால் மீளாது. காணி கிடைக்கும்வரை அதற்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. வரும் கோடையில் குடும்பத்துக்கு ஒரு பாயாவது பிள்ளைகளை அருகிருத்தி இழைப்போம்.