குறைமாசக் குழந்தை தேறுமா?

"எதிர்வீட்டுக் குழந்தையும் இவளும் ஒரே வாரத்துல பொறந்தாங்க டாக்டர். அது உட்காரவே ஆரம்பிச்சிடுச்சு. இவளுக்கு இன்னும் தலை சரியா நிக்கலையே!" என்று கண் கலங்கினார் ஒரு தாய். குழந்தைக்கு ஆறு மாதம். பிறந்தது 30 வாரத்தில்.

தாய்மார்களே, இங்கே ஒரு கழித்தல் கணக்கு இருக்கிறது. ஆறு மாதம் என்பது 26 வாரம். அவசரப்பட்டு வந்த 10 வாரத்தைக் கழியுங்கள். பாக்கி 16 வாரம். நாலு மாதம்கூட நிறையாத பிள்ளைக்குத் தலை இப்போதுதானே நிற்கத் தொடங்கும்? இரண்டு வயது வரை வளர்ச்சியை இப்படித்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்காதீர்கள். அது பிறந்த தேதிப்படிதான்.

'ஏழு மாசம் பிழைக்கும், எட்டு மாசம் தங்காது' என்பதெல்லாம் வீண் பேச்சு. வயிற்றில் ஒரு வாரம் கூட இருந்தாலும் குழந்தைக்கு லாபமே.

பிறந்த புதிதில் எடை குறையும். இரண்டு மூன்று வாரத்தில் இழந்ததை மீட்டுவிடும். வீட்டுக்கு வந்தபின் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்லது. அதற்காகத் தினமும் தராசில் போட்டு மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வாரம் ஒரு முறை, ஒரே தராசில் பார்த்தால் போதும். பொதுவாக முதலில் தலை தேறும், பிறகு எடை. உயரம் மெதுவாகத்தான் வரும்.

உறிஞ்சத் தெம்பில்லாத குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம். புட்டி வேண்டவே வேண்டாம். தாயிடமிருந்து இரும்புச்சத்து சேருவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான். அதற்குள் பிறந்துவிட்டதால், டாக்டர் தரும் இரும்புச்சத்துச் சொட்டு மருந்தை 'சூடு' என்று நிறுத்திவிடாதீர்கள்.

1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாமல் டாக்டர் எட்கர் ரே ஒரு வழி கண்டார். குழந்தையைத் தாயின் மார்பில், தோலோடு தோல் படும்படி கட்டி வைத்தார். கங்காரு முறை என்கிறோம். நாளுக்கு 8 மணி நேரமாவது வேண்டும் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அப்பாவும் அணைக்கலாம், பாட்டியும் அணைக்கலாம்!

கடைசியாகக் கண். 34 வாரத்துக்கு முன்னோ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். 'நாற்பது நாள் கழியட்டும், பச்சைப் பிள்ளையை வெளியே எடுக்கக் கூடாது' என்று வீட்டில் தடுப்பார்கள். கேட்காதீர்கள். அதற்குள் லேசர் வைத்துப் பார்வையைக் காப்பாற்றும் காலமே கடந்து போயிருக்கலாம்.