மழையை அளக்கத் தெரியாத வீடுகள்

2024 அக்டோபர் 16 அன்று சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை. பள்ளிகளுக்கு விடுமுறை, அதற்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டிவிட்டன. எதிர்பார்த்த அளவுக்கு மழை பெய்யவில்லை. வானிலை ஆய்வு மையத்தின் மீது அன்று பொழிந்த கேலி, ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் திரும்ப வருகிறது. அதைக் கேட்டு வளரும் பிள்ளைக்குச் சிவப்பு எச்சரிக்கை என்றால் லீவு. மழை வராவிட்டால் பொய். தாழ்வு மண்டலம் சற்று விலகினாலே கனமழை இடம் மாறிவிடும் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்?

வீடுதான் சொல்லியிருக்க வேண்டும். பாடத்தில் இருக்கிறதே என்பவர்கள் மழைமானிப் படத்தை மனப்பாடம் செய்வதைப் படிப்பு என்று நினைக்கிறார்கள். செல்போன் செயலி போதும் என்பவர்களிடம் பேசிப் பயனில்லை.

மழையை அளக்க, மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள ஒரு டப்பா, ஒரு ஸ்கேல் போதும். மரமும் சுவரும் மறைக்காத மொட்டை மாடியில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுத வேண்டும். வானிலைத் துறை 24 மணி நேர மழையைக் கணக்கிடுவதும் அந்த நேரத்தில்தான். நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் அளவோடு ஒப்பிட்டால், ஒரே நகரத்துக்குள் மழை எவ்வளவு மாறுகிறது என்பது பிள்ளைக்குப் பிடிபடும்.

அடுத்தது கணக்கு. 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டியது 95 செ.மீ.; சென்னைக்கு ஓர் ஆண்டு முழுவதற்குமான சராசரியே 140 செ.மீ. அளவுதான். 1,000 சதுர அடி மாடியில் 95 செ.மீ. பெய்தால் சுமார் 88,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஏழு வந்தாலும் மிச்சம் இருக்கும். ஒரு வீட்டு மாடிக்கே இவ்வளவு! ஒரு தெருவுக்கு, ஓர் ஊருக்கு எவ்வளவு என்று பிள்ளையே பெருக்கிப் பார்க்கட்டும். செய்தியில் "95 செ.மீ." என்று கேட்டுவிட்டு எத்தனை வீடுகளில் சேனலை மாற்றினார்கள்?

காற்றையும் கற்றுத்தரலாம். டச்சு அறிஞர் பைஸ் பாலட் 1857இல் வெளியிட்ட விதி எளிமையானது: பூமியின் வடபாதியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கம் இருக்கும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகும் நாளில் மாடியேறி நின்று, அது எந்தப் பக்கம் என்று கைநீட்டிக் காட்டும் பத்து வயதுப் பிள்ளைக்குத் தொலைக்காட்சி வரைபடம் புரியாமல் போகாது.

இப்படி வளர்ந்த தலைமுறை ஏரிக்குள் மனை வாங்காது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தபோது, தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. அங்கே மனை வாங்கியவர்களுக்கு லிட்டர் கணக்கு தெரிந்திருந்தால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். இந்த அக்டோபரிலிருந்து பள்ளி டைரியில் மழையளவுக்கு ஒரு கட்டம் ஒதுக்கி, அதில் பெற்றோரின் கையெழுத்தையும் கட்டாயமாக்க வேண்டும்.