வடு வேறு, காயம் வேறு

பழத்தின் மேனியில் காணும் குறைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. ஆறிய வடு வேறு. ஆறாத காயம் வேறு. இவ்வேறுபாட்டை அறியாது பழங்களைத் தரம் பிரித்தால், உழவருக்கும் உண்போருக்கும் இழப்பே மிஞ்சும்.

இமாசலப் பிரதேசத்து ஆப்பிள் இதற்குத் தக்க சான்றாகும். பிஞ்சுப் பருவத்தில் ஆலங்கட்டி மழையால் ஏற்படும் சிறு காயம், காய் வளர வளர ஆறி, தோலில் தழும்பாக நின்றுவிடும். அதனால் சுவை கெடுவதில்லை. எனினும், அழகு குறைந்தது என்று கூறி அப்பழத்தைக் குறைந்த விலைக்கே கேட்கின்றனர்.

மற்றொரு பழம் பறிக்கும்போது கைதவறி விழுந்திருக்கலாம். பெட்டியில் அளவுக்கு மீறித் திணிக்கப்பட்டிருக்கலாம். மலைப்பாதையில் லாரி குலுங்கியபோது அடிபட்டிருக்கலாம். தோல் கிழியாமையால் அது குறையற்றதாகவே தோன்றும். ஆனால், உள்ளே உயிரணுக்கள் சிதைந்திருக்கும். அவற்றிலுள்ள நொதிகள் காற்றின் உதவியால் சதையை மெல்ல மெல்லப் பழுப்பாக்கும். இதனையே 'கன்றிப்போதல்' என்கிறோம். தில்லி ஆசாத்பூர்ச் சந்தையில் பளபளப்பாக விற்கப்பட்ட பழம், வீட்டில் நறுக்கும்போது கன்றியிருப்பது இதனால்தான்.

கண்ணுக்குப் புலப்படாத இக்குறையை அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் ஒளிப்படக் கருவிகள் காட்டுகின்றன. கன்றிய சதையும் நல்ல சதையும் அவ்வொளியை வெவ்வேறு அளவில் எதிரொளிப்பதே அதற்குக் காரணம். இத்தகைய கருவிகள் வரவேற்கத்தக்கவை. ஆனால், கண்டறிந்த பின் செய்வது என்ன என்பதே முதன்மையான வினா.

குறையுள்ள பழங்கள் அனைத்தையும் நீக்குவதே நல்ல வணிகம் எனச் சிலர் கருதுவர். தோல் கிழிந்த பழத்தில் பூஞ்சை புகுந்து அருகிலுள்ள பழங்களுக்கும் பரவும் என்பது உண்மையே. அதனைப் பிரித்து வைத்தல் வேண்டும். அதற்காகத் தழும்புள்ள பழத்தையும் ஒதுக்குவது முறையாகாது. தழும்புள்ளதை அப்படியே உண்ணலாம். கன்றியதை விரைந்து சாறாக்கலாம். அழுகியதை மட்டும் எருவாக்கலாம். தரம் குறைந்த ஆப்பிளை இமாசல அரசு சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின்கீழ் கொள்முதல் செய்வதும், பர்வானூ ஆலையில் சாறு எடுக்கப்படுவதும் இந்நெறியைச் சார்ந்தவையே.

ஆகவே, குறையைக் கண்டறிவதன் நோக்கம் பழத்தைக் கழிப்பதன்று. அதற்குரிய பயனை அறிவதே ஆகும். கடையில் தழும்புள்ள ஆப்பிளைக் காணும் மாணவர் அதனை மெல்லத் தொட்டுப் பார்க்கட்டும். உலர்ந்து உறுதியாக இருந்தால் அது வடு. மெத்தென்று அமுங்கினால் அது காயம். வடுவுள்ள பழத்தை விரும்பி வாங்கும் ஒவ்வொருவரும் மலைச்சரிவில் உழைத்த ஓர் உழவருக்கு நீதி செய்தவராவர்.